எட்டு ஓநாய் வந்தால் யார் காத்திருப்பது?

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடும் மேசையில் ஐந்தாம் நிலையை எட்டிய டிரூயிட், அதாவது இயற்கை மந்திரவாதி, ஒருவர் மந்திரம் சொல்கிறார். போர்க்களத்தில் எட்டு ஓநாய்கள் வந்து நிற்கின்றன. கூட ஆடுகிறவர்கள் மகிழ வேண்டும். ஆனால் ஒருவர் கைப்பேசியை எடுக்கிறார், இன்னொருவர் டீ போட எழுந்து போகிறார். தங்கள் முறை இப்போதைக்கு வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு இது. டன்ஜன் மாஸ்டர் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். சண்டை என்று வந்துவிட்டால் ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரு முறை, அதில் பெரும்பாலும் ஒரே ஒரு செயல். வரவழைக்கப்படும் உயிரினங்கள் இந்த ஏற்பாட்டில்தான் கை வைக்கின்றன. அவற்றைப் பற்றிய விதிச் சண்டைகளில் பெரும்பாலானவற்றைத் தோண்டினால் அடியில் இருப்பது ஒரே வழக்கு: யாருடைய நேரத்தை யார் எடுத்துக்கொள்வது?

கணக்கைப் பார்ப்போம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ‘கான்ஜர் அனிமல்ஸ்’ மந்திரத்தால் பலசாலி விலங்கு ஒன்றையும் வரவழைக்கலாம், எளிய விலங்குகள் எட்டையும் வரவழைக்கலாம். பக்கத்தில் கூட்டாளி இருந்தால் ஓநாய் இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும். எட்டு ஓநாய்க்குப் பதினாறு உருட்டல். பட்ட கடி ஒவ்வொன்றுக்கும் சேதம் பார்க்க வேறு பகடை. கடிபட்டவன் விழுந்தானா, நின்றானா என்று டன்ஜன் மாஸ்டர் தன் பங்குக்கு உருட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகு, 59 உயிர்ப்புள்ளி கொண்ட ஓகர் அரக்கனை எட்டும் சூழ்ந்துகொண்டால் சராசரியாக 50-க்கு மேல் சேதம், அதுவும் ஒரே சுற்றில். வாய்க் கட்டளைக்கு டிரூயிட் தன் செயலைச் செலவழிக்கக்கூட வேண்டாம். வாளேந்தி முன்னால் நிற்கும் வீரர் என்னதான் செய்வார்?

அடுத்த தகராறு, எந்த உயிரினம் வரும் என்பதை யார் தீர்மானிப்பது என்பது. ‘கான்ஜர் உட்லண்ட் பீயிங்ஸ்’ மந்திரத்தில் பிக்ஸி என்ற குட்டித் தேவதைகள் எட்டைக் கேட்பது ஒரு பிரபலமான குறுக்கு வழி. பிக்ஸிக்கு உயிர்ப்புள்ளி ஒன்றுதான். ஆனால் நாளுக்கு ஒரு தடவை அடுத்தவரை விலங்காக உருமாற்றும். ஏழாம் நிலையில் இருக்கும் குழு மொத்தமும் 157 உயிர்ப்புள்ளி கொண்ட ராட்சதக் குரங்குகளாக மாறி நின்றால் கதை அங்கேயே முடிந்தது. தலைமை விதி வடிவமைப்பாளராக இருந்த ஜெரமி கிராஃபர்ட் இதற்கு விளக்கம் கொடுத்தார்: எத்தனை, எவ்வளவு பலம் என்பது மந்திரம் சொல்பவர் விருப்பம்; எந்த இனம் என்பது டன்ஜன் மாஸ்டர் கையில். சரியான தீர்ப்புதான். ஆனால் கேட்டது கிடைக்காத ஆட்டக்காரரின் முகவாட்டத்தை அது தீர்க்கவில்லை.

திமிங்கலத்தை எதிரியின் தலைக்கு மேலே வரவழைத்துப் போட்டால் என்ன என்ற கேள்வியும் பழையதுதான். 2003-இல் வந்த 3.5 பதிப்பு அதற்கு வழி வைக்கவில்லை: வருகிற உயிரினம் தன்னைத் தாங்கக்கூடிய பரப்பில்தான் வர வேண்டும், அந்தரத்தில் வரக் கூடாது. வந்தது தன் பங்குக்கு இன்னொன்றை வரவழைக்கவும் கூடாது. செத்தால் உண்மையில் சாவதில்லை, 24 மணி நேரத்தில் மீண்டும் உருவாகிவிடும். விதி எழுதியவர்கள் நிறைய குறும்புக்காரர்களைப் பார்த்திருக்க வேண்டும்.

நேரப் பிரச்சினைக்கு வெவ்வேறு மருந்துகள் வந்தன. 2019-இல் பைசோ நிறுவனம் வெளியிட்ட ‘பாத்ஃபைண்டர்’ என்ற வேறொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பில், மந்திரவாதி ஒவ்வொரு முறையும் தன் மூன்று செயல்களில் ஒன்றைக் கொடுத்தால்தான் அவர் வரவழைத்த உயிரினம் அசையும். அதற்குக் கிடைப்பது இரண்டு செயல். காசு கொடுத்துச் சரக்கு வாங்குகிற நியாயம். 2020-இல் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ நூலின் ‘சம்மன் பீஸ்ட்’ போன்ற மந்திரங்களில் வருவது ஒரே ஆவி. அதன் பலமும் திறனும் மந்திரக் குறிப்பின் அடியிலேயே அச்சாகியிருக்கும். அழைத்தவரின் முறை முடிந்ததும் அதன் முறை. புத்தகத்தைப் புரட்ட வேண்டாம், பிக்ஸிப் பேரமும் இல்லை. என்னைக் கேட்டால் இதுவே நல்ல மருந்து.

2024 பதிப்பு இதற்கும் மேலே போனது. ‘கான்ஜர் அனிமல்ஸ்’ இப்போது விலங்குகளையே தருவதில்லை. ஆவிக்கூட்டம் ஒன்று களத்தில் நகரும். அதன் பத்தடிக்குள் சிக்கியவர் தப்ப முடியாவிட்டால் மூன்று பத்துமுகப் பகடை அளவு சேதம். ஆட்டம் வேகமாகிறது, சந்தேகமில்லை. ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது. பழைய மந்திரத்தில் எட்டுக் குதிரைகளை வரவழைத்து ஒரு மணி நேரம் சவாரி போகலாம். ஓநாயிடம் தடம் மோந்து வரச் சொல்லலாம். புதியதன் ஆயுளே பத்து நிமிடம், அதுவும் பெரும்பாலும் சண்டைக்கே.

இன்னும் 2014 புத்தகத்தோடு ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தெந்த விலங்கு வரும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே டன்ஜன் மாஸ்டரோடு பேசி எழுதி வையுங்கள். எட்டு ஓநாய்க்கும் பகடைகளை ஒரே வீச்சில் உருட்டுங்கள். சேதத்துக்கு உருட்டவே வேண்டாம். ஓநாய்க் கடிக்கு 7 என்று புத்தகமே சராசரி போட்டுக் கொடுத்திருக்கிறது.