பெண்களும் புகைத்தலும்

புகைத்தற் பழக்கம் ஆண்களிடையே பரவிய வரலாறு யாவரும் அறிந்ததே. பெண்களிடையே அது பரப்பப்பட்ட வரலாறோ வேறு வகையினது. அதனை அறியாது பெண்ணொருத்தியை அப்பழக்கத்தினின்று காக்கவோ மீட்கவோ முயலுதல், நோயின் காரணம் நாடாது மருந்து கொடுத்தலை ஒக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டிலும் பெண்ணொருத்தி தெருவிற் புகைத்தல் இழுக்கெனவே கருதப்பட்டது. 1920ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை எய்தினர். அவ்விடுதலை வேட்கையை வணிகர் தமக்கு முதலாக்கிக்கொண்டனர். 1928இல் இனிப்புப் பண்டத்துக்குப் பதிலாக லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டை நாடுமாறு விளம்பரஞ் செய்யப்பட்டது. உடல் பருத்துவிடுமோ என்னும் அச்சமே அதன் தூண்டில். 1929இல் உயிர்த்த ஞாயிறன்று நியூயோர்க் நகரில் நடந்த ஊர்வலத்திலே, எட்வேர்ட் பெர்னேஸ் என்னும் விளம்பர வல்லுநரின் ஏற்பாட்டின்படி இளம்பெண்கள் புகைத்தவண்ணம் நடந்தனர். அச்சிகரெட்டுகள் 'விடுதலைத் தீப்பந்தங்கள்' எனப் பெயர் பெற்றன. 1968இல் பெண்களுக்கென்றே வெர்ஜீனியா சிலிம்ஸ் என்னும் மெல்லிய சிகரெட்டு சந்தைக்கு வந்தது.

புகையின் கேடு உடனே தோன்றுவதன்று. பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெண்களின் உயிரைக் கவர்வதில் நுரையீரற் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயை விஞ்சிற்று. பிரித்தானியாவில் ஏறத்தாழப் 12 இலட்சம் பெண்களை ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட முடிவுகள், வாழ்நாள் முழுவதும் புகைப்போர் சராசரியாகப் 10 ஆண்டுகளையேனும் இழக்கின்றனர் எனக் காட்டின. ஆயினும் அவ்வாராய்ச்சியே நம்பிக்கையும் தருகின்றது: 40 வயதுக்கு முன் விட்டோர் அக்கேட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தவிர்த்துக்கொள்கின்றனர்.

ஆதலின் உதவுவோர் கருதவேண்டியன சில உள. முதலாவது, பழித்தல் பயன்தராது. இகழ்ச்சிக்கு அஞ்சும் பெண் மறைவிற் புகைப்பாள். வைத்தியரிடமும் உண்மை கூறாள். இரண்டாவது, விட்டால் உடல் பருக்கும் என்னும் அச்சத்தை நகைத்தலாகாது. எடை சில கிலோ கூடுதல் இயல்பே. அதனால் விளையும் தீங்கு புகையின் தீங்கோடு ஒப்பிடத்தக்கதன்று. மூன்றாவது, நிக்கொட்டின் வேட்கை எழுந்தால் சில நிமிடங்களில் தணியும். முதல் வாரமே கடினமானது. விடும் நாளைக் குறித்தல், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதனைச் சொல்லிவைத்தல், வேண்டின் வைத்தியர் ஆலோசனையுடன் நிக்கொட்டின் ஒட்டுகளையோ மெல்லும் பசையையோ கைக்கொள்ளல் என்பன துணைசெய்யும். கருவுற்றவள் விட்டால் குழந்தை எடைகுறைந்து பிறக்கும் அபாயமும் குறையும். மீண்டும் ஒருமுறை புகைத்துவிட்டாள் எனின், அது தோல்வியன்று, மறுமுயற்சிக்குரிய பாடமாகும்.

நம் நாட்டிற் சிகரெட்டுப் புகைக்கும் பெண்கள் மிகச் சிலர். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோரோ பலர். வாய்ப் புற்றுநோய்க்கு அது வழியாகும் என்பதையும் மறத்தலாகாது. 2006ஆம் ஆண்டின் சட்டம் புகையிலை விளம்பரத்தையும், 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்றலையும் தடைசெய்தது. இவற்றோடு நம் பெண்களுக்கு ஊர் வழக்கமும் ஒரு வேலியாயுளது. எனினும் கல்விக்கும் தொழிலுக்குமாக அவர்கள் கடல் கடந்து செல்லுங்கால் அவ்வேலி ஊரோடு நின்றுவிடும்; அறிவு மட்டுமே உடன் செல்லும். புகைத்தல் பெண்ணுக்கு ஆகாது என்று மட்டும் கற்பித்தால், அதனை மீறுவதே விடுதலை என அவள் கருதக்கூடும். விடுதலையின் பெயரால் விற்கப்பட்டது ஓர் அடிமைத்தனம் என்பதை விளக்கிக் கற்பித்தல் ஆசிரியர் கடனாகும்.