95 மார்க் வாங்கும் சோம்பேறி!

ஆபீஸில் ஒரு ரகம் உண்டு. ஃபைலைத் திறக்கவே மாட்டார். எது வந்தாலும் 'எல்லாம் சரி' என்று இனிஷியல் போட்டு அடுத்த டேபிளுக்குத் தள்ளிவிடுவார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைக்கும். நூறு ஃபைலில் வில்லங்கம் நாலோ ஐந்தோதானே! கம்ப்யூட்டரும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டது, சார்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டெக்னீஷியன்கள் கிராமங்களுக்குப் போய் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். சர்க்கரை நோய் முற்றினால் அங்கேயுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் கசியும். கவனிக்காமல் விட்டால் பார்வை அம்பேல்! அத்தனை படத்தையும் டாக்டர்களே உட்கார்ந்து பார்த்து மாளுமா? 'கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுங்கள்' என்று 2019-ல் காகிள் தளத்தில் உலகப் போட்டி வைத்தார்கள். பயிற்சிக்குக் கொடுத்த படங்கள் 3,662. அதில் நோயே இல்லாதவை 1,805. லேசானது 370, நடுத்தரம் 999, கடுமை 193, முற்றியது 295.

பி.காம். புத்தி கணக்கில்தான் போகிறது. எந்தப் படத்தைக் காட்டினாலும் 'கடுமை இல்லை' என்றே ஒரு மெஷின் சொன்னால், 3,469 விடை சரி. நூற்றுக்கு 94.7 மார்க்! ஆனால் அந்த 193-ல் ஒரு கண்ணைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை. மெஷினைத் திட்டிப் பயனில்லை. 'மொத்தத் தப்பைக் குறை' என்றுதானே சொன்னோம்? குறைத்துவிட்டது!

இதற்கு வைத்தியம்? எங்கள் திருப்புட்குழியிலிருந்து காஞ்சிபுரம் போய் பஸ் மாறினால் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஓலைக்கட்டு, கட்டுக்கு ஓர் ஆள். பெரிய குடும்பு சின்னதை விழுங்க வழியே இல்லை!

ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். ஐந்து வகைக்கும் தனித்தனிக் குடம். ஒவ்வொன்றிலிருந்தும் சம அளவில் எடுத்துக் காட்டுகிறார்கள். 193 சீக்கிரம் தீர்ந்துவிடுமே? அதே படத்தைத் திருப்பி, சாய்த்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து மறுபடி காட்டலாம். இல்லையென்றால் அபராதம்! கடுமையான கண்ணைத் தவறவிட்டால் ஒன்பது மடங்கு தண்டம் என்று வைத்தால், மெஷின் அடித்துப் பிடித்துக்கொண்டு கவனிக்கிறது. 1,805-ஐ வெட்டி 193 ஆக்குவதும் ஒரு வழி. பாடுபட்டு எடுத்த படங்களைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை.

ஒரு ஜாக்கிரதை. பரீட்சைக்கான படங்களை முதலிலேயே எடுத்துப் பூட்டிவிட வேண்டும். நகல் எடுத்த பிறகு பிரித்தால், ஒரே கண் பாடத்திலும் வரும், பரீட்சையிலும் வரும். கேள்வித்தாள் அவுட்! அந்தப் பரீட்சையில் ஊரில் உள்ள விகிதம் அப்படியே இருக்கட்டும். மார்க்கை மட்டும் வகைவாரியாகப் போட வேண்டும்.

இத்தனை செய்தாலும், பயந்த மெஷின் நல்ல கண்ணையும் 'கடுமை' என்று சொல்லத் தொடங்கும். அப்படி அனுப்பப்படுகிறவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் நஷ்டம். தவறவிட்டாலோ கண்ணே நஷ்டம். எத்தனை பொய் எச்சரிக்கை வரை தாங்கலாம் என்பதை மெஷின் சொல்லாது. ஆஸ்பத்திரியில் எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்து மனிதர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.