மல்லிகைக்கு மாலை வரைதான் நேரம்

மல்லிகை மொட்டைக் கிள்ளும் வேலை சூரியன் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நிலக்கோட்டை, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு செடிக்குச் செடி குனிகிறார்கள். நன்றாகப் பருத்து, பாலாக வெளுத்து, இன்னும் இதழ் பிரியாத மொட்டு மட்டும்தான் மடியில் விழ வேண்டும். அன்று பொழுது சாயும்போது அது தானாக விரியும். விரிந்த பூவை மதுரையில் கூந்தலில் வைக்கலாம், சாமிக்குச் சாத்தலாம். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ அனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் பழுத்துவிடும். தெர்மாகோல் பெட்டிக்குள் வைக்கும் ஐஸ் ஜெல் அந்த விரிதலைத் தள்ளிப்போடும், தடுத்து நிறுத்தாது. மதுரையிலிருந்து சர்வதேச விமானச் சரக்குச் சேவை வேண்டுமா என்ற விவாதம் இந்த மொட்டிலிருந்து தொடங்கினால்தான் சரியாக இருக்கும். ஏனென்றால் அதன் கணக்கு டன்னில் இல்லை, மணி நேரத்தில் இருக்கிறது.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழும் நீண்ட காம்பும் அதன் அடையாளங்கள். மற்ற மல்லிகையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவதும் அதனால்தான். ஆனால் குறியீடு பெயருக்குப் பாதுகாப்பு தருமே தவிர, விலைக்குத் தராது. பனிக்காலத்து முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களைத் தொடுகிற அதே பூ, வரத்து பெருகும் கோடையில் பறிகூலிக்கே கட்டாத விலைக்கு இறங்கி, சென்ட் ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்கிறது. விலை உச்சத்தில் இருக்கும்போது ஏற்றுமதியால் விவசாயிக்குப் பெரிய லாபம் இல்லை. உள்ளூர்ச் சந்தையே போட்டி போட்டு வாங்கிக்கொள்ளும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக உதிரிப்பூ இறங்கி, வாங்க ஆள் இல்லாமல் நிற்கும் நாட்களில்தான் வெளிநாட்டுச் சந்தை கைகொடுக்க வேண்டும். அந்த நாட்களில் பக்கத்திலேயே ஒரு விமானம் இருந்தால், விலை ஓர் அளவுக்குக் கீழே போகாமல் பிடித்து நிறுத்த முடியும்.

இதற்காகத்தான் அரசின் அனுமதி கேட்கப்படுகிறது. ஆனால் ‘அனுமதி’ என்று ஒருமையில் கேட்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. முதலில், 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி ஒரு விமான நிலையம் சுங்க விமான நிலையமாக அறிவிக்கப்பட வேண்டும். அந்த அறிவிப்பிலும் பயணிகளின் பெட்டி படுக்கைக்கு மட்டும் என்பது வேறு, ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்கு என்பது வேறு. அடுத்து, சரக்கைப் பொறுப்பேற்று வைத்திருக்க ஒரு காப்பாளர் வேண்டும். அவருக்கு 2009-ஆம் ஆண்டுச் சுங்க விதிமுறைகள் சொல்லும் இடவசதியும் கருவிகளும் வேண்டும். பிறகு விமானப் பாதுகாப்பு ஒப்புதல், எக்ஸ்ரே இயந்திரம், அதை இயக்கச் சான்று பெற்ற ஆட்கள். வாங்கும் நாடு கேட்டால் தாவர நலச் சான்று, அதைத் தர ஓர் அலுவலர். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதவு. மூன்று கதவு திறந்து நான்காவது மூடியிருந்தால், முதல் மூன்றும் திறந்ததில் பயன் இல்லை. ஒரு பெட்டி எக்ஸ்ரேவில் சந்தேகத்துக்குள்ளானால் திறந்து பார்ப்பார்கள். குளிரறை இல்லாத கொட்டகையில், சித்திரை வெயிலில், திறந்த பெட்டிக்குள் ஏறிய சூடு மறுபடி இறங்குவதற்குள் மொட்டின் வாய் பிளந்துவிடும்.

இந்தக் கதவுகள் எல்லாம் திறந்த பிறகும் ஒரு பெரிய பூட்டு மிச்சமிருக்கிறது. பெட்டியை ஏற்ற விமானம் வேண்டும். விமானச் சரக்கு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மூக்கைத் திறந்து லாரியை விழுங்கும் ராட்சத விமானம். பூவும் காய்கறியும் பெரும்பாலும் அதில் போவதில்லை. பயணிகள் உட்காரும் தளத்துக்குக் கீழே, அவர்களின் பெட்டிகளோடு, விமானத்தின் வயிற்றில்தான் போகின்றன. ஆக, பயணிகள் விமானம் எங்கே வருகிறதோ அங்கேதான் ஏற்றுமதியும் நடக்கும். அந்நிய நாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம் என்பதை முடிவு செய்வது இரு நாடுகளுக்கு இடையிலான விமான ஒப்பந்தம். ஆசியான் நாடுகளின் விமானங்களுக்கு இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களின் பட்டியலில் திருச்சி இருக்கிறது, மதுரை இல்லை. சிங்கப்பூர், மலேசிய விமானங்கள் திருச்சியில் அடுத்தடுத்து இறங்குவதற்கும், மதுரையில் இறங்காததற்கும் அடிப்படை இந்தப் பட்டியல்தான். வளைகுடா ஒப்பந்தங்களிலும் மதுரைக்கு இடம் இல்லை. இலங்கை விமானம் வர முடிகிறது. மற்றபடி இந்திய நிறுவனங்கள் மனம் வைத்தால்தான் உண்டு. தனிச் சரக்கு விமானத்தை வாடகைக்கு அமர்த்தலாம் என்றால், அட்டவணையில்லா அந்நியச் சரக்கு விமானங்கள் நாட்டில் ஆறே விமான நிலையங்களில்தான் இறங்கலாம் என்று 2020-இல் வரம்பு கட்டினார்கள். தமிழ்நாட்டுக்கு அதில் கிடைத்தது சென்னை மட்டும். மதுரையிலிருந்து சென்னை சுமார் 460 கிலோமீட்டர்.

திருச்சிதான் பக்கத்தில் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்கிறார்கள். சுமார் 135 கிலோமீட்டர்தான், சாலையும் நன்றாக இருக்கிறது, உண்மை. ஆனால் இங்கே பார்க்க வேண்டியது தூரத்தை மட்டும் இல்லை. லாரியில் ஏற்ற ஒரு முறை, இறக்க ஒரு முறை, காத்திருக்க ஒரு பொழுது என்று பெட்டி கைமாறும் ஒவ்வொரு முறையும் குளிர் கசிகிறது. திருச்சி விமானத்தின் வயிற்றிலும் இடம் அளவோடுதான் இருக்கிறது. பயணிகளின் மூட்டை கூடினால், எடையைக் குறைக்க முதலில் இறக்கப்படுவது சரக்குதான். ஒரு நாள் தள்ளிப் போகும் இயந்திர உதிரிபாகம் மறுநாளும் அதே பாகம்தான். ஒரு நாள் தள்ளிப் போகும் மல்லிகை குப்பை. மதுரையில் அந்த அளவுக்குச் சரக்கு இல்லை என்பது இன்னொரு வாதம். போதுமான வெளிநாட்டு விமானம் இல்லாத ஊரில் சரக்கு எப்படிக் கண்ணில் படும்? மதுரை வட்டாரத்துப் பூ திருச்சி, சென்னை வழியாகப் போகும்போது அந்தந்த ஊர்க் கணக்கில்தான் ஏறுகிறது. தினமும் ஒரே ஒரு விமானத்தில் ஒரு டன் ஏற்றினாலும் ஆண்டுக்கு 365 டன். ஓடுபாதை நீளட்டும், பிறகு பார்க்கலாம் என்பாரும் உண்டு. இப்போதுள்ள சுமார் 7,500 அடி ஓடுபாதையில் நடுத்தர ஜெட் விமானங்கள் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. பூ போக அதுவே போதும். அந்நிய நிறுவனங்களுக்கு அள்ளிக் கொடுத்தால் இந்திய நிறுவனங்கள் நலியும் என்ற கவலையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்திய நிறுவனங்கள் வேண்டிய அளவு பறக்காத ஊரில் அந்தக் காவலின் விலையைப் பூ விவசாயி கொடுக்கிறார்.

அனுமதி மறுக்கப்படுவதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. அது பாதி அனுமதி. மறுத்தால் கோரிக்கை உயிரோடு இருக்கும். வணிகர் சங்கங்கள் மனு கொடுக்கும், நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். பாதி கிடைத்தால் எல்லாம் அடங்கிவிடும். ஒரு நாள் அறிவிப்பு வரும், சரக்குக் கொட்டகைக்கு ரிப்பன் வெட்டுவார்கள், செய்தித்தாளில் படம் வரும். அதன் பிறகு எக்ஸ்ரேவுக்கு ஆள் இருக்காது. ஆள் வந்தால் விமானம் இருக்காது. விமானம் வந்தால் அதன் நேரம் பறிப்பு நேரத்தோடு ஒத்துப்போகாது. சில மாதங்கள் கழித்து, ‘கொடுத்துப் பார்த்தோம், சரக்கு வரவில்லை’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். அந்த ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால், அடுத்த தலைமுறை கேட்டாலும் அதையே எடுத்துக் காட்டுவார்கள். தோற்றது ஏற்பாடு, பழி விழுவது பூவின் மேல். இப்போது மனு எழுதும் ஒவ்வொருவரும் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

ஆகவே கேட்கும் முறையை மாற்ற வேண்டும். சுங்க அறிவிப்பைத் தனியாகவும், பாதுகாப்பு ஒப்புதலைத் தனியாகவும், குளிரறையைப் பிறகும் கேட்பதை நிறுத்திவிட்டு, அத்தனையையும் ஒரே மனுவில், ஒரே கெடு தேதியோடு கேட்க வேண்டும். அந்த மனுவின் முதல் வரியில் கொட்டகையைப் பற்றி எழுதக் கூடாது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா ஒப்பந்தங்களில் மதுரையின் பெயரைச் சேருங்கள் என்பதே முதல் வரியாக இருக்க வேண்டும். அந்தப் பெயர் ஏறினால் விமானம் வர வழி பிறக்கும்; விமானம் வந்தால் குளிரறை கட்ட முதலீடு தேடி வரும். பிறகு விமான நேரத்தையும் பேசியே தீர வேண்டும். விடியற்காலையில் கிள்ளிய மொட்டு மார்க்கெட்டுக்கு வந்து, தரம் பிரித்து, பெட்டியில் அடைத்து, சோதனை முடித்து, நண்பகலுக்குள் ஏறினால் நான்கு மணி நேரப் பயணத்தில் சிங்கப்பூரை அடையும். ராத்திரி விமானம் என்றால், குளிரறை இல்லாமல் அது பகல் முழுக்க வெயிலோடு போராட வேண்டும். கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்கினாலும் மல்லிகைக்கு அது தெரியாது. பொழுது சாய்ந்தால் அது விரிந்துவிடும்.