பழைய கார் வாங்கப் போகிறீர்களா? விலையை அப்புறம் பேசுங்கள்!

காலை ஐந்தரை மணி. காப்பாரில் இன்னும் விடியவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிறார் ஒரு குடும்பத் தலைவர். வேலை ஷா ஆலமில், ஒரு தொழிற்சாலையில். போக வர 60 கிலோமீட்டர். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. பின்னால் கனரக லாரிகள். வீட்டில் மனைவிக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. "ஒரு பழைய காராவது வாங்கிடுங்க" என்பது அவருடைய ஓயாத வேண்டுகோள்.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே பழைய கார் என்பது பலருக்கு ஆடம்பரமல்ல, உயிருக்குப் பாதுகாப்பு. புதிய காருக்கு ஒன்பது ஆண்டு கடன் என்றால் சம்பளத்தில் பெரிய துண்டு விழுந்துவிடும். எனவே சேமித்து வைத்த ஏழாயிரம், எட்டாயிரம் வெள்ளியை எடுத்துக்கொண்டு கார் தேடக் கிளம்புகிறார்கள்.

இந்தத் தலைப்பை எடுத்தாலே தொலைக்காட்சி நேயர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கார் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கையிலுள்ள பணத்தில் காருக்கு எவ்வளவு, காரைச் சாலையில் ஓட வைக்க எவ்வளவு?

யானையும் அங்குசமும்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசு தேடும் நிலை வரக்கூடாது. கையில் 8,000 வெள்ளி இருந்தால் காரின் விலை 6,000 வெள்ளியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மீதி 2,000 வெள்ளி எங்கே போகும்? காப்புறுதி, சாலை வரி, பெயர் மாற்றச் செலவு, டயர், பேட்டரி, எண்ணெய் மாற்றம், முதல் மாதத்தில் தலைகாட்டும் பழுது. இவை எல்லாம் வரிசையில் காத்திருக்கும்.

சாலை வரியைப் பொறுத்தவரை சிறிய கார் வாங்குபவருக்குக் கவலையில்லை. தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1,000 சி.சி. வரை ஆண்டுக்கு 20 வெள்ளி, 1,300 சி.சி. காருக்கு 70 வெள்ளி, 1,500 சி.சி. காருக்கு 90 வெள்ளி.

பெட்ரோல் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள் வேலை என்றால் 1,560 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் சிறிய காருக்கு 104 லிட்டர் தேவை. லிட்டர் 2 வெள்ளி என்று வைத்தால் மாதம் 208 வெள்ளி. இந்தக் கணக்கு ஒத்துவந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மேனுவல் கார் ஏன்?

இன்று பெரும்பாலோர் கேட்பது ஆட்டோ கார். மேனுவல் காரைத் தேடுவோர் குறைந்துவிட்டதால் அதன் விலையும் இறங்கியே இருக்கிறது. ஆட்டோ கியர்பெட்டி கெட்டுப்போனால், சில சமயம் காரின் விலையில் பாதியைக் கேட்கும். மேனுவல் காரில் தேய்வது பெரும்பாலும் கிளட்ச்தான். அதை மாற்றும் செலவு பல மடங்கு குறைவு. ஒரு விஷயம் மறக்கக்கூடாது. 'டி.ஏ.' உரிமம் வைத்திருப்பவர் ஆட்டோ காரை மட்டுமே ஓட்டலாம். மேனுவல் ஓட்ட 'டி' உரிமம் வேண்டும். வீட்டில் பிள்ளைகளும் ஓட்டப் போகிறார்கள் என்றால் அவர்களுடைய உரிமத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கார் என்றால், உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும் கார். 1994 முதல் 2009 வரை வெளிவந்த பெரோடுவா கஞ்சில், 2007இல் வந்த விவா, 2005இல் வந்த மைவி, புரோட்டோன் சாகா, வீரா போன்றவற்றுக்கு எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் ஆளும் உண்டு, சாமானும் உண்டு. அழகாக இருக்கிறது என்று அபூர்வமான வெளிநாட்டுக் காரை மலிவாக வாங்கியவர், ஒரு சிறு பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

மீட்டர் சொல்வது உண்மையா?

மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார் என்றவுடன் பலர் பின்வாங்குகிறார்கள். எண்பதாயிரம் என்றால் முகம் மலர்கிறது. இங்கேதான் ஏமாற்றம் நிகழ்கிறது. ஆண்டுக்கு 15,000 முதல் 20,000 கிலோமீட்டர் என்று வைத்தால், 15 வயதான கார் இரண்டேகால் லட்சம் முதல் மூன்று லட்சம் வரை ஓடியிருப்பது இயல்பு. எண்பதாயிரம் என்று காட்டினால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே முதலில் வர வேண்டும். மீட்டரைத் திருப்பி வைப்பது கடினமான வேலையல்ல.

ஆனால் காரின் உடம்பு பொய் சொல்லாது. கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா? ஸ்டியரிங் பளபளக்கிறதா? ஓட்டுநர் இருக்கையின் ஓரம் உட்கார்ந்துவிட்டதா? கியர் தண்டின் தலையில் எண்கள் அழிந்துவிட்டனவா? இவற்றோடு மீட்டரை ஒப்பிட்டாலே பாதி உண்மை வெளிவரும்.

ஓடிய தூரத்தைவிட, எப்படி ஓடியது என்பதே முக்கியம். நெடுஞ்சாலையில் சீராக ஓடி, நேரத்துக்கு எண்ணெய் மாற்றப்பட்டு, ரசீதுகளோடு வரும் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் கார் நம்பத் தக்கது. நகர நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து, ஒரு ரசீதும் இல்லாமல் வரும் ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர் கார் அப்படியல்ல.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்

காரைப் பார்க்கப் பகலில், மழையில்லாத நேரத்தில் போக வேண்டும். முதல் வேலை, எஞ்சின் மூடியில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால், விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார் என்று பொருள். ஆறிய எஞ்சின்தான் தன் நோயைக் காட்டும்.

ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கலாம். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி போன்ற களிம்பு திரண்டிருந்தாலோ, எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கலாம். அந்தக் காரை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

பிறகு எஞ்சினைக் கிளப்பி, புகையைக் கவனிக்க வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பிறகும் நிற்காத அடர்ந்த வெள்ளைப் புகை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறி எரிகிறது. காலையில் புகைக்குழாயில் சொட்டும் சில துளி நீர் மட்டும் இயல்பானது.

டைமிங் பெல்ட் பற்றியும் கேட்க வேண்டும். கஞ்சில், வீரா போன்ற கார்களில் இருப்பது ரப்பர் பெல்ட். மைவியில் இருப்பது சங்கிலி. பெல்ட்டைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் கார் நின்றுவிடும். பல எஞ்சின்களில் வால்வுகளும் வளைந்து பெரும் செலவு வைக்கும். "மாத்தியாச்சு" என்ற சொல் போதாது, ரசீது வேண்டும். ரசீது இல்லையென்றால், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

கிளட்சுக்கு ஒரு சோதனை

சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், கைப்பிரேக்கை இறுக்கி, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு முறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்யக்கூடாது.

சாலையில் ஓட்டும்போது நான்காவது கியரில் மேடு ஏறிப் பார்க்க வேண்டும். எண்ணெய் மிதியை அழுத்தியதும் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையென்றால் அதுவும் வழுக்கலே. இரண்டாவது கியர் நறநறவென்று அரைந்தால், அல்லது எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக விலகிக்கொண்டால், கோளாறு கியர்பெட்டிக்குள் இருக்கிறது. கிளட்ச் பழுதைப் பேரம் பேசி ஏற்றுக்கொள்ளலாம். கியர்பெட்டிப் பழுதைத் தவிர்ப்பதே மேல்.

வெள்ளம் கண்ட கார், வெட்டி ஒட்டிய கார்

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளம் மறந்திருக்காது. எத்தனை கார்கள் கூரைவரை தண்ணீரில் நின்றன! வெள்ளத்தில் மூழ்கிய கார் வெளியே பளபளக்கும், உள்ளே மின்கம்பிகள் அரித்துக்கொண்டிருக்கும். இருக்கைவாரை முழுதாக இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியலாம். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு, உபரி டயர் வைக்கும் குழியில் வண்டல், கம்பளத்தில் புழுங்கிய வாடை, இவை எல்லாம் சாட்சிகள்.

அதைவிட ஆபத்து, விபத்தில் நசுங்கிய இரண்டு கார்களை வெட்டி ஒட்டிச் செய்த கார். மோதல் என்று வந்தால் ஒட்டிய இடத்தில் பிளந்துவிடும். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் காருக்கு இது பொருந்துமா? கதவு இடுக்குகள் ஒரே சீராக உள்ளனவா, தரைக் கம்பளத்துக்கு அடியில் புதிய பற்றவைப்புத் தடம் உண்டா என்று பார்க்க வேண்டும். கார் கெரானில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் பொறிக்கப்பட்டவையும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும்.

டயரையும் மறக்க வேண்டாம். பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்கள் அதன் பிறந்த நாள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் முதிர்ந்த டயர் மழையில் கைவிடும்.

'சம்போங் பாயார்' வேண்டவே வேண்டாம்

"இரண்டாயிரம் வெள்ளி கொடுங்க, மீதித் தவணையை நீங்க கட்டுங்க, காரை எடுத்துக்குங்க." நம்மவர்கள் பலர் விழும் குழி இது. வாடகைக் கொள்முதலில் கடன் தீரும்வரை காரின் சொந்தக்காரர் வங்கிதான். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தம் வங்கிக்கும் முதலில் வாங்கியவருக்கும் இடையிலானது. இடையில் வந்து பணம் கொடுத்தவரின் பெயர் அதில் எங்குமே இல்லை. முதல் ஆள் பணத்தை வாங்கி வங்கியில் கட்டாமல் விட்டால், ஒருநாள் காலையில் வாசலில் கார் இருக்காது. கொடுத்த பணத்துக்கும் பிடிமானம் இல்லை. விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும்.

ஆகவே கடன் தீர்ந்த கார்தானா, வங்கியின் உரிமைக்கோரல் நீக்கப்பட்டுவிட்டதா, சம்மன் நிலுவை உண்டா, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதையெல்லாம் பணம் கொடுக்கும் முன்பே சரிபார்க்க வேண்டும். பிறகு அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பெயர் மாற்றத்துக்கான பரிசோதனை, வாங்குபவர் பெயரில் காப்புறுதி, அதன்பின் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றம். முழுப் பணத்தையும் பெயர் மாறும் நாளில் கொடுப்பதே விவேகம்.

இங்கே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. "பரிசோதனையில் தேறிய கார், பயமில்லை" என்கிறார்கள். அந்தப் பரிசோதனை முக்கியமாகக் காரின் அடையாளத்தை உறுதிப்படுத்துவது. எஞ்சின் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று அது சொல்லாது. அதற்கு, விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு பட்டறைக்காரரை அழைத்துச் செல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் நூறு வெள்ளி, ஆயிரங்களைக் காப்பாற்றும்.

காப்புறுதியில் கிடைக்கும் கோரிக்கையில்லாக் கழிவு மனிதருக்கு உரியது, காருக்கு அல்ல. விற்பவரின் 55 விழுக்காட்டுக் கழிவு காரோடு சேர்ந்து வராது. முதல் முறையாகக் கார் வாங்குபவர் முழுத் தொகையும் கட்ட வேண்டியிருக்கும்.

வாங்கிய பிறகு

கார் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே எஞ்சின் எண்ணெய், வடிகட்டி, ரேடியேட்டர் நீர் ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும். பிரேக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மாதம் 1,560 கிலோமீட்டர் ஓடும் காருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் கணக்கு சரியாக வரும். மாதம் நூறு வெள்ளியை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், பழுது வரும் நாளில் கடன் கேட்டு அலைய வேண்டியதில்லை.

பழைய கார் என்பது வயதான பெரியவரைப் போன்றது. கவனித்துக்கொண்டால் கடைசிவரை துணை நிற்கும். அலட்சியம் செய்தால் நடுவழியில் உட்கார்ந்துவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் முன்னோர். வியர்வை சிந்திச் சேர்த்த எட்டாயிரம் வெள்ளியை ஒரே மாலையில், ஒரே பேச்சில் கொடுத்துவிடலாமா? ஒரு வாரம் பொறுத்து நான்கு கார்களைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? மழை பெய்யும் அந்தக் காலை ஐந்தரை மணிக்குக் கணவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டு, வீட்டிலிருப்பவர் நிம்மதியாகக் கண்ணயர வேண்டும். அதற்காகத்தானே இந்தக் கார்!