நகைப்பெட்டிக்கு நல்ல கீல் வாங்குவது எப்படி?

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்கு மரத்தில் நகைப்பெட்டி செய்யும் மாணவர்கள் பலகைக்கும் வார்னிஷுக்கும் நிறைய யோசிக்கிறார்கள். கீல், கொண்டி என்று வரும்போதுதான் கடைசி நாளில் கடைக்குப் போய், கையில் அகப்பட்டதை வாங்கி வந்துவிடுகிறார்கள். பெட்டி கெடுவது பெரும்பாலும் அங்கேதான். மூடி ஒரு பக்கமாகச் சாயும், திருகாணி பிடி விட்டுவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் மஞ்சள் பூச்சு உரிந்து துருக்கறை மரத்தில் இறங்கும். அம்மாவின் தோட்டை அதில் வைக்க யாருக்கு மனசு வரும்?

முதலில் பெயர்கள். பந்திங் ஹார்ட்வேர் கடையில் 'எங்செல்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். தமிழில் அது கீல். உடம்பின் மூட்டுக்கும் அதே சொல்தான். கீல்வாதம் என்கிறோமே, அது. மூடியை முன்பக்கம் பூட்டுவது கொண்டி, அது மாட்டும் வளையம் நாதாங்கி. 'ஸ்குரு' திருகாணி, பிடித்துத் தூக்குவது குமிழ். தேர்வு மாணவர்களே, விளக்கக் கட்டுரையில் 'ஒரு இரும்பை மாட்டினேன்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பொருளுக்குப் பெயர் சொன்னாலே பாதி விளக்கம் முடிந்தது.

இனி பித்தளை. கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டவில்லை என்றாலும் உடனே நம்பிவிடாதீங்க. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே மஞ்சள் பூசியதிலும் காந்தம் ஒட்டாது. ஒன்றை மட்டும் வாங்கி, பின்பக்கத்தை அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, உள்ளேயும் மஞ்சளாகவே இருக்கும். பூச்சு என்றால் சாம்பல் நிறம் தெரியும். கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கமோ பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமோ போனால், குத்துவிளக்கு ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனம் கைக்குப் பழகிவிட்டால் போலி தானாகவே பிடிபடும்.

கீலை விரித்து, இரண்டு தகடுகளையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். நடு ஊசியில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். சின்னக் கீலில் தெரியும் அரை மில்லிமீட்டர் ஆட்டம், மூடியின் முன்முனைக்குப் போகும்போது பல மடங்காகிவிடும். திருகாணியை ஓட்டையில் வைத்துப் பார்க்கணும். தலை தகட்டோடு சமமாக அமரவில்லை என்றால் மூடி சரியாக மூடாது. மூடிப் பலகை 10 மில்லிமீட்டர் கனம் என்றால் திருகாணி 8 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மேலே முளைத்து நிற்கும்!

பித்தளைத் திருகாணி மெதுவானது. பால் வெட்டி ஓய்ந்த ரப்பர் மரத்துப் பலகையில் நேராக முறுக்கினால் தலை முறிந்துவிடும். திருகாணியைவிடச் சற்று மெலிதாகத் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றிக் கழற்றுங்கள். பிறகு பித்தளையில் மெழுகு தடவி ஏற்றுங்கள்.

கேரளத்தில் தலசேரி அருகே நெட்டூர் என்ற ஊரின் பெயரில் வழங்கும் நெட்டூர்ப் பெட்டியின் படத்தை வகுப்பில் காட்டலாம். கூரை போன்ற மூடி, கருங்காலி நிறத்து ஈட்டி மரம், மூலைக்கு மூலை பித்தளை. அதில் பித்தளைதான் அழகு, அதுவேதான் பலமும்.

இன்னொன்று. கீலை வாங்கிய பிறகே பலகையை அறுங்கள். தகட்டின் கனத்துக்குத் தகுந்த பள்ளத்தை மரத்தில் செதுக்க வேண்டும், அளவு கையில் இருந்தால்தான் முடியும்.