இரவுச் சாப்பாட்டை விட்டும் விடியச் சீனி ஏறுவது ஏன்?

“ராத்திரி ஒண்டுமே சாப்பிடேல்லை டொக்டர், எண்டாலும் சீனி 150 காட்டுது.” வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கிளினிக்குகளில் பழகிப்போன முறைப்பாடு இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சீனியை இரத்தத்தில் விட்டது அவருடைய ஈரல்.

சதையியின் இரண்டு ஓமோன்கள்

ஆரோக்கியமான ஒருவரின் இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் உள்ள குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம்தான். ஒரு தட்டு இடியப்பத்திலிருந்து கிடைப்பது அதைவிடப் பல மடங்கு. அதனால் சாப்பிட்டவுடன் சதையியின் பீட்டா கலங்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. அது குளுக்கோஸைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் சேர்க்கிறது. ஒரு பகுதியை ஈரலில் கிளைக்கோஜனாகச் சேமிக்க வைக்கிறது. வயிறு வெறுமையானால் அல்பா கலங்கள் சுரக்கும் குளுக்ககன் அந்தச் சேமிப்பைத் திறந்துவிடும். மூளைக்கு நித்திரையிலும் குளுக்கோஸ் வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஓர் இரவுகூடத் தாங்கமாட்டோம்.

விடிய 4 மணிக்குப் பிறகு

அதிகாலை 4 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் கோர்ட்டிசோலும் வளர்ச்சி ஓமோனும் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்து, எழும்புவதற்காக உடலைத் தயார்படுத்துகின்றன. நல்ல உடல் இன்சுலினைக் கூட்டிச் சமாளிக்கும். நீரிழிவு உள்ளவரின் உடலுக்கு அது முடியாது. காய்ச்சலும் நித்திரைக் குறைவும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையை நினைத்து ஏங்கும் கவலையும்கூட இதே வழியில் சீனியை ஏற்றும். சீனி ஏறிய எல்லோரையும் “வாயைக் கட்டவில்லை” என்று குற்றம்சொல்வது அநியாயம்.

பட்டினியின் ஆபத்து

இன்சுலின் ஊசியோ கிளைகிளசைட் போன்ற குளிசையோ எடுத்துவிட்டுச் சாப்பாட்டை விட்டால், சீனி 70க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால், விழுங்கக்கூடியவருக்கு உடனே மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அளவான இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மரைன் டிரைவில் 15 நிமிடம் நடப்பது பட்டினியைவிட நல்லது. இயங்கும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும்.

இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உண்டு என்று 2018–2019 தேசிய ஆய்வு காட்டியது. விடியக்காலைச் சீனி தொடர்ந்து 126க்கு மேல் இருந்தால், படுக்கும்முன் எடுத்த அளவையும் சேர்த்து டொக்டரிடம் காட்டுங்கள். குளிசையை நீங்களாகவே கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.