சேர்ந்துண்ணும் இல்லம்



கொட்டியார் குடாவில் இரவுத் தொழிலுக்குச் செல்லும் வாப்பா, மாலையிலேயே உண்டுவிடுகிறார். வகுப்பு முடிந்து வரும் மகன், சோற்றுக் கோப்பையுடனும் கைப்பேசியுடனும் அறைக்குள் செல்கிறான். உம்மா கடைசியில் அடுப்படியில் தனியே உண்கிறார். கிண்ணியாவிலும் மூதூரிலும் இத்தகைய இல்லங்கள் இல்லையா?

உண்டும் வயிறு நிறையவில்லை என ஸஹாபாக்கள் முறையிட்டபோது, தனித்தனியே உண்பது காரணமாகலாம் என நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அல்லாஹ்வின் பெயர் கூறி ஒன்றுசேர்ந்து உண்டால் பரக்கத் உண்டாகும் எனவும் போதித்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையும், பிறருடன் அதிகம் சேர்ந்துண்போர் வாழ்வில் கூடிய திருப்தி கொண்டிருப்பதாகக் காட்டுகிறது. எது காரணம், எது விளைவு என்பதை அது அறுதியிடவில்லை. எனினும், பிள்ளையின் முகவாட்டத்தைப் பெற்றோர் காணும் இடம் உணவு விரிப்பே அல்லவா?

கல்யாண வீட்டில் அறியாதவருடனும் ஒரே சஹனில் உண்ணும் நாம், சொந்தப் பிள்ளையுடன் அமராதிருப்பது விந்தையே!

நாளுக்கு ஒரு வேளையேனும் சேர்ந்துண்ணுங்கள். கடற்றொழிலாளர் இல்லத்தில் அது காலை உணவாகட்டும். கைப்பேசிகள் அப்பால் இருக்கட்டும். பெற்றோர்களே, அவ்வேளையில் பரீட்சைப் புள்ளிகளை விசாரிக்காதீர்கள், கடனைப் பேசாதீர்கள். இளைஞர்களே, உம்மாவை முதலில் அமரச் செய்து, நீங்கள் பரிமாறுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத்தை நிரப்புவானாக! ஆமீன்.